பேனா கீறிய இடம்

…மேலேதான், பேனா கீறிய சத்தம் தாளின் மேற்பக்கத்திலிருந்துதான் வந்தது, அவள் சொன்னது கடைசிப் பெட்டியை, கடைசி என்றால் கீழேதானே, அட்டைத் தடுப்புக்குள் குனிந்து நின்ற மேனுகா வாக்குச்சீட்டின் கீழ் ஓரத்தை விரல்களால் பிடித்துக்கொண்டிருந்தாள், அந்த விரல்களின் பக்கம் நிதுர்ஷனின் கை வரவேயில்லை, எட்டத்தில் இரண்டு இழுப்பு, சர்ர், சர்ர், முடிந்துவிட்டது. "போட்டாச்சு புள்ள" என்றான் காதருகில். கடைசியிலயா என்று கேட்டாள். "ஓம், நீ சொன்னதுக்குத்தான்." எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டான்… காய்ச்சல் மூளைக்கு ஏறி அவளுடைய இரண்டு கண்ணும் போனபிறகு, சோற்றில் மீன்முள் எடுத்துத் தருகிறவன், தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறவன், புருஷன் பொய் சொல்வான் என்று நினைக்க அவளுக்கு இடமே இருந்ததில்லை. சுயேச்சையாகத் தேர்தல் கேட்கிற சுலோஜனா அக்காவுக்குத்தான் என்ர வோட்டு, கடைசிப் பெட்டி, ஆஸ்பத்திரியில என்னோட கிடந்தவ, வெள்ளைப் பிரம்பு வாங்கித் தந்தவ, மறந்திராதீங்க என்று நேற்றுச் சொன்னபோதும் இதே குரலில்தானே ஓம் என்றான்…

காது ஏமாற்றுகிறதோ, பள்ளிக்கூட மண்டபம், சின்னச் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்புகிறது, இல்லை தாளைத்தான் தலைகீழாகப் பிடித்திருந்தாளோ… அப்படியும் இருக்கலாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் வாசலில் கேட்டது? துறைமுகச் சங்கத் தலைவர் அசனார் காக்கா நிதுர்ஷனை மறித்து, "தம்பி, சொன்னது ஞாபகம்தானே?" என்றார், இவன் "ஓம் காக்கா" என்றான், படகு எஞ்சின் விஷயமாக்கும் என்றுதான் அப்போது நினைத்தாள். உள்ளே வந்ததும் பொறுப்பதிகாரி அம்மா அடையாள அட்டையை வாங்கி, "கறுப்புக் கண்ணாடியை ஒருக்காக் கழட்டுங்க தங்கச்சி, படத்தோட பார்க்கவேணும்" என்றா, கழற்றினாள், அந்த அம்மா அட்டையை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாகச் சத்தம் கேட்டது. படத்திலிருப்பவள் நேராகப் பார்ப்பாளே, அதனாலாக இருக்கும். பிறகு மெதுவாகக் கேட்டா, "இவரை நீங்களா விரும்பித்தான் கூட்டி வந்தனீங்க? வேணாமெண்டா நானே உங்களுக்கு முன்னால போட்டுத் தாறன், அது உங்கட உரிமை." மேனுகா சிரித்தாள். "என்ர வீட்டுக்காரர்தானே அம்மா." ஏன் சிரித்தேன்…

சீட்டை மடித்து அவள் கையில் வைத்தான். இப்போதுகூடச் சொல்லலாம், அம்மா, இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டுங்க என்று… வரிசையில் ஊர் முழுக்க நிற்கிறது, கட்சிக்காரர்கள் மேசையில் இருக்கிறார்கள், எல்லாருக்கும் முன்னால் இவனைக் கள்ளனாக்கிவிட்டு இவன் கையைப் பிடித்துக்கொண்டுதானே வீட்டுக்குப் போகவேண்டும்? வேறு யாருடைய கை இருக்கிறது? "என்ன புள்ள, போடன்." வாக்குப்பெட்டியின் வாயை விரல் தடவிக் கண்டது. தாளை விட்டாள். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வெளியே வெயில். வாவிக் காற்றில் மீன் நாற்றம். பாதையெல்லாம் அவன் வழமையைவிடக் கவனமாக நடத்திக்கொண்டு வந்தான், இதில கல்லு, இதில சேறு, கால வை என்று சொல்லிச் சொல்லி. அந்தக் கவனம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது. கேட்கலாமா? கேட்டால் ஓம் என்பான், இல்லை என்பான், இரண்டையும் அந்தக் குரலில்தானே சொல்வான்… வீட்டு வாசல் படலை திறந்தது. அயல்வீட்டு அஜந்தாவிடம் விட்டுப்போன இரண்டு வயது மகளின் காலடி ஓடிவந்து நின்றது. "உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் புள்ள" என்றான் நிதுர்ஷன். மேனுகா பழக்கத்தில் தானும் சிரித்தாள், கையை நீட்டினாள், பாதியில் கை நின்றது… சத்தமில்லாமல்தான் பிள்ளை எப்போதும் சிரிக்குமாம், அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.