சருகு ஒதுக்காத கன்றுகள்

1
இந்தக் கதை என்னுடையதல்ல. ராஜபாளையத்தில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தபோது, பக்கத்தில் டீ குடித்தவர் சொன்னது. நான் எழுதுவதைவிட நன்றாகச் சொன்னார். அந்த எரிச்சலில் எழுதுகிறேன்.

2
கான்சாபுரத்துக்கு மேற்கே மலை தீப்பிடித்து...
(அடித்துவிட்டேன். தீ தானாகப் பிடிப்பதில்லை, வைப்பார்கள்.)

மலையடியில் வீரணனுக்கும் மச்சான் ஜெயபாண்டிக்கும் அடுத்தடுத்து மாந்தோப்பு. மேலே புல்சரிவு. கோடைத் தீ தோப்புக்குள் இறங்காமலிருக்க, தை மாதமே, புல் பாதி காய்ந்திருக்கும்போது கொளுத்திவிடுவார்கள். ஒருவர் கொளுத்த, இன்னொருவர் பச்சைக்குழையால் அடித்து அடக்குவார்.

ஜெயபாண்டியின் சரிவில் வேங்கைக் கன்றுகள் தானாக முளைத்திருந்தன. கொளுத்துமுன் ஒவ்வொன்றையும் சுற்றிச் சருகை ஒதுக்கி வட்டம் போடுவான். வீரணன் சரிவில் வெறும் புல்.

"அதே மழ, அதே மண்ணு. ஒங்கண்ணனுக்கு மட்டும் எப்படிட்டி மொளைக்கு?"

"ஒம்ம ஆட்டக் கேளும்," என்றாள் மனைவி பாண்டீஸ்வரி. "அதுக தின்னது போக மிச்சமிருந்தாத்தான மொளைக்கும்."

3
வீரணனைக் கெட்டவனாக எழுத வரவில்லை. எந்தக் கன்று புது இலை விட்டது என்று ஜெயபாண்டிக்கு முன்பே அவனுக்குத் தெரியும். தினமும் போய்ப் பார்க்கிறான். வயிறு எரிய எரியப் பார்க்கிறான்.

இந்தத் தையில் ஜெயபாண்டி, மகளின் பிரசவத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தான். போனில் சொன்னான்: "மாப்ள, புல்லு காஞ்சிரும். நீயே கொளுத்திரு. கன்னுகளச் சுத்தி மட்டும் ஒதுக்கிரு."

4
முடிவு ஒன்று: வீரணன் ஒதுக்கவில்லை. கன்றுகள் கருகின. அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.
(இதோடு நிறுத்தினால் நீதிக்கதை.)

முடிவு இரண்டு: கருகின. ஆனால் வேங்கையின் வேர் சாகவில்லை. மழைக்குப் பிறகு கரிக்கட்டையிலிருந்து முன்னைவிடத் தடித்து, நேராகத் துளிர்த்தது. ஜெயபாண்டி கட்டிப்பிடித்தான். "ஒதுக்காம விட்டதுதான் நல்லதாப் போச்சு மாப்ள. ஒங் கைராசி!" வீரணனுக்கு இப்போது இரண்டு பங்கு எரிந்தது.
(இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை. எல்லாக் கன்றும் துளிர்க்காது.)

டீ குடித்தவர் எந்த முடிவைச் சொன்னார்? சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

5
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சரிவில் வீரணன் குச்சியை உரசிவிட்டான். கன்றுகளின் அடியில் சருகு அப்படியே கிடக்கிறது. குழையோடு நிற்கும் பாண்டீஸ்வரியின் போன் அடிக்கிறது.

"ஒதுக்கியாச்சான்னு அண்ணன் கேக்காரு," என்கிறாள், சருகைப் பார்த்தபடி. "என்ன சொல்ல?"

நீங்கள் சொல்லுங்கள். குச்சி விரல்வரை எரிந்துவிட்டது.