சிகரெட் பாக்கெட் உயரம்

வலது முன்சக்கரத்தின் கீழ் போல்ட் அசைய மறுத்தது. ராதென்கோ காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பேனரின் முனையில் ஒரு நீளக் குழாயைச் செருகி, வலது கையால் இழுத்தான். இடது கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. துரு பொடிப்பொடியாக முகத்தில் விழுந்தது. எண்ணெய் அடித்து, சூடு காட்டி, மறுபடி எண்ணெய் அடித்தாயிற்று. போல்ட் அதையெல்லாம் மரியாதையாக ஏற்றுக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

"அடியில யாருடா முனகுறது? நீயா, போல்ட்டா?" என்று மேலேயிருந்து கூட வேலை பார்க்கும் ஸ்ரெத்தன் கேட்டான். அவன் காரின் முன்பக்கத்தில் குனிந்து ஷாக் அப்சார்பரின் தலை நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும்தான்."

"நீ எழுந்து வா. நான் இழுக்கிறேன். அந்தக் குடலு கழண்டு கையில வந்தா நான் எந்த டப்பாவுல போடுறது?"

குடலிறக்கம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பால் பையைத் தவிர எதையும் தூக்காதே என்றும் சொன்னார். அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், ஆஸ்பத்திரியில் இடமும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரம் படுக்கையில் கிடக்க வேண்டும். பதிவு செய்த தொழிலாளியாக இருந்தால் அந்த ஆறு வாரமும் மருத்துவ விடுப்புச் சம்பளம் வரும். ராதென்கோ அந்தப் பட்டறையில் சேர்ந்து பல வருடம் ஆகியும் எந்தப் பதிவிலும் அவன் பெயர் இல்லை. அரசாங்கத்தின் கணக்கில் அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள்.

முதலாளி மிலோய்கோ கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காலையில் காப்பி அவரே போட்டுக் கொடுப்பார். பதிவு விஷயத்தை எடுத்தால், "அடுத்த மாசம்" என்பார். ஒரு தடவை புதுக் கூரை போட்டார், ஒரு தடவை அவர் பசு செத்துப் போயிற்று. இப்போது மகன் போபனுக்குக் கல்யாணம்.

"கார் நல்லபடியா தயாராகட்டும், சனிக்கிழமை கல்யாணம் நல்லபடியா முடியட்டும். திங்கக்கிழமை காலையில உன் பேப்பர நானே கணக்கர்கிட்ட எடுத்துட்டுப் போறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். "கல்யாணத்துக்கும் வந்துடு. வேலைக்காரனா இல்ல, விருந்தாளியா வரணும்."

கார் போபனுடையது. கோல்ஃப் என்கிற பழைய மாடல், பளபளக்கும் கறுப்பு. வியன்னாவில் இருக்கும் மாமா மகன் கல்யாணப் பரிசாகக் காயிலோவர் செட் ஒன்றை அனுப்பியிருந்தான். மஞ்சள் ஸ்பிரிங், அதன் நடுவில் மரை போட்ட ஷாக் அப்சார்பர், அதன்மேல் இரண்டு வளையங்கள். மேல் வளையத்தைத் திருகி இறக்கினால் கார் தரையை நோக்கி இறங்கும், ஏற்றினால் ஏறும். கீழ் வளையம் அதைப் பூட்டிவைக்கும். போபன் பெட்டியைத் திறந்த அன்று ஸ்பிரிங்கை மடியில் வைத்துப் படம் எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினான். பெண் யசென்கா கர்ட்டன் துணியின் படத்தை அவனுக்கு அனுப்பினாள்.

மத்தியானத்துக்குள் போல்ட் மனமிரங்கியது. பழையவை நான்கும் வெளியே வந்தன, புதியவை நான்கும் உள்ளே போயின. ராதென்கோ முதலில் சக்கர வளைவுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டுக் காரை இறக்கினான். முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அமுக்கி ஸ்பிரிங்கை உட்காரவைத்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

போபன் வந்து குந்தி உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்து, படுக்கவைத்து, இடைவெளியில் செருகினான். பாக்கெட் உள்ளே போய் அந்தப் பக்கம் விழுந்தது.

"ராதென்கோ அண்ணே, இது என்ன டிராக்டரா?"

"ரெண்டு விரல் இருக்கணும் தம்பி. உள்ள ஆள் ஏறுனா இன்னும் இறங்கும்."

"பாக்கெட் நுழையக் கூடாது. நம்ம பசங்க எல்லாரும் பாக்கெட்டை எடுத்துட்டுத்தான் வருவாங்க. எல்லார் முன்னாடியும் அது நுழைஞ்சா நான் எங்க போய் முகத்தை வச்சுக்கிறது?"

"சரி, அப்ப கல்யாணத்தன்னிக்கு எத்தனை பேர் ஏறுவீங்களோ அத்தனை கனத்தை உள்ள வச்சு அளந்துக்கலாம். வெளிய மணல் மூட்டை கிடக்கு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மிலோய்கோ பதறிப்போனார். "மணல் மூட்டையா? சீட்டை நேத்துத்தான் கழுவிக் காயவச்சிருக்கு! பொண்ணு வெள்ளைக் கவுனோட உக்காரப் போறா."

"அப்ப நாமளே ஏறி உக்காரலாம் முதலாளி."

மிலோய்கோ ராதென்கோவின் சட்டையைப் பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார், பின்பக்கத்தையும் சுற்றி வந்து பார்த்தார். "மணல் மூட்டை தேவல" என்றார்.

ஆக, காலி காரில் அளந்தார்கள். ராதென்கோ நான்கு மூலையிலும் வளையத்தை இறக்கினான். போபன் பாக்கெட்டைச் செருகிப் பார்த்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றான். கடைசியில் பாக்கெட் முட்டிக்கொண்டு நின்றது. அட்டையின் ஓரம் மடங்கியது. போபன் எழுந்து ராதென்கோவைக் கட்டிக்கொண்டான். ராதென்கோவுக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை பக்கத்தில் வந்துவிட்டது.

வளையங்களைப் பூட்டிவிட்டு, வளையம் திருகும் கொக்கி ஸ்பேனரைத் துடைத்தான். டப்பாவில் போடப்போனவன், என்னவோ நினைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போட ஆணியில் மாட்டிவைத்திருந்த தன் கோட்டின் பையில் வைத்தான்.

"கல்யாணத்துக்கு ஸ்பேனரா? மத்தவன் பூங்கொத்து எடுத்துட்டுப் போவான்" என்றான் ஸ்ரெத்தன்.

"அந்தக் காரை நினைச்சா எனக்குப் பயமா இருக்குடா."

சனிக்கிழமை பெண் வீட்டு வாசலில் விருந்தாளிகள் எல்லாருக்கும் மார்புக்குக் குறுக்கே பூவேலை செய்த துண்டைக் கட்டிவிட்டார்கள். ராதென்கோவுக்கும் ஒன்று கிடைத்தது. சிவப்பு நூலில் இரண்டு சேவல்கள் போட்ட, நீளமான, நல்ல கெட்டித் துண்டு. அவன் அதைப் பலமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். நண்பர்கள் கோல்ஃபைச் சுற்றிக் குந்தியிருந்து ஆளுக்கொரு பாக்கெட்டைச் செருகிப் பார்த்தார்கள். எதுவும் நுழையவில்லை. போபனின் முகத்தில் அப்போது தெரிந்த பூரிப்பு, பிறகு சர்ச்சில் பெண்ணின் கையைப் பிடித்தபோதுகூட அந்த அளவுக்கு இல்லை.

சர்ச் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பினார்கள். கல்யாண வரிசையில் எந்தக் காரும் வந்த வழியே திரும்பக் கூடாது; பெண்ணை வேறு பாதையில்தான் அழைத்துப்போக வேண்டும். அதனால் மொராவா ஆற்றுப் பாலத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத் தெரு வழியே போனார்கள். முன்னால் கோல்ஃப். தன் காரை வேறொருவன் கையில் கொடுக்க மாட்டேன் என்று மாப்பிள்ளையே ஓட்டினான். பக்கத்தில் கல்யாணக் கொடியைப் பிடித்தபடி மாப்பிள்ளைத் தோழன், கசாப்புக் கடை வைத்திருப்பவன், ஒரு பன்றியைத் தனியாகத் தூக்கிப் போடுகிற உடம்பு. பின்சீட்டில் பெண், பெண்ணின் கவுன், கவுனுக்கு அப்பால் மிலோய்கோவின் அக்கா தெசங்கா. அதற்குப் பின்னால் மிலோய்கோவின் கார், டிரம்பெட் கோஷ்டியின் வேன், ஸ்ரெத்தனும் ராதென்கோவும் வந்த கார், அப்புறம் பெண் வீட்டாரின் நீண்ட வரிசை.

பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை இருந்தது.

கோல்ஃபின் முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. பிறகு பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். கார் வயிற்றை வேகத்தடையில் வைத்து உட்கார்ந்துவிட்டது. போபன் ஆக்சிலேட்டரை மிதித்தான். சக்கரம் சுற்றியது, புகை வந்தது, கார் வரவில்லை. பின்னால் எல்லாரும் சந்தோஷத்தில் ஹார்ன் அடித்தார்கள். டிரம்பெட்காரர்கள் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து இறங்கி வாசிக்க ஆரம்பித்தார்கள்.

"கொஞ்சம் ரிவர்ஸ் எடு தம்பி" என்றான் ஓடி வந்த ராதென்கோ.

பின்சீட்டு ஜன்னல் வழியே தெசங்காவின் தலை வெளியே வந்தது. "ரிவர்ஸா? கல்யாணக் கார் பின்னால போறதா? விளங்குமா இந்தக் குடும்பம்? போபன், கையை எடு அந்தக் கியர்லருந்து!"

"அப்ப எல்லாரும் ஒரு நிமிஷம் இறங்குங்க அத்தை. கனம் குறைஞ்சா தானா வந்துடும்."

"பொண்ணு மாமியார் வீட்டு வாசல்லதான் கால் வைக்கணும். நடுத்தெருவுல வைக்கச் சொல்றியா?"

"பொண்ணு இருக்கட்டும். நீங்க இறங்கலாமே."

"பொண்ணைத் தனியா விட்டுட்டு நான் இறங்கணுமா? யாரு பெத்த பிள்ளைடா நீ?"

மாப்பிள்ளைத் தோழன் இறங்கத் தயாராகத்தான் இருந்தான். கதவைத் திறந்தான். கார் அவ்வளவு இறங்கியிருந்ததால் கதவின் கீழ் விளிம்பு நடைபாதைக் கல்லில் இடித்து, ஒரு கை நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. அந்த இடைவெளி வழியே கையை நீட்டிக் கொடியைக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று உட்கார்ந்துகொண்டான்.

பெண் யசென்கா முகத்திரையை விலக்கி, "நான் இறங்குறேனே" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ராதென்கோ கோட்டுப் பையிலிருந்து கொக்கி ஸ்பேனரை எடுத்தான். "முதலாளி, ஜாக்கி போட்டு முன்பக்கம் ரெண்டையும் ஏத்திடறேன். ஒரு பாட்டு வாசிச்சு முடிக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்."

மிலோய்கோ பின்னால் பார்த்தார். பெண் வீட்டார் கார்களிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சம்பந்தி கையைப் பின்னால் கட்டியிருந்தார். "ஸ்பேனரை உள்ள வைடா" என்று பல்லிடுக்கில் சொன்னார். "ஓட்டை வண்டியில பொண்ணைக் கூட்டிட்டு வந்தான்னு பேசுவாங்க. கையாலயே தூக்குவோம். கல்யாணத்துல பசங்க காரைத் தூக்குறது ஒரு ஜாலி. ஏய், வாங்கப்பா எல்லாரும்! மாப்பிள்ளையைத் தூக்குங்க!"

கூட்டம் ஆரவாரமாக வந்து சூழ்ந்தது. ஆளாளுக்குப் பிடிக்கக் கூடாத இடத்தைப் பிடித்தார்கள். ஒருவன் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிடித்தான், அது அவன் கையோடு வந்தது. மூன்று தடவை தூக்கிப் பார்த்தும் கார் ஆடியதே தவிர எழும்பவில்லை.

"ராதெ, எங்க பிடிக்கணும்னு உனக்குத்தான் தெரியும். வா" என்றார் மிலோய்கோ.

"அவனுக்கு ஆகாது முதலாளி" என்றான் ஸ்ரெத்தன்.

"ஒரு தடவைதான்டா. திங்கக்கிழமை மறந்துடல நான்."

ராதென்கோ ஸ்பேனரைப் பையில் வைத்தான். "சக்கரத்தைத் தூக்க வேணாம். உடம்பை மட்டும், ஸ்பிரிங் விடுற அளவு தூக்கினாப் போதும்" என்று ஒவ்வொருவரையும் கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் கை வைக்கச் செய்தான். முன்பக்கம், எஞ்சின் கனம் விழுகிற மூலையில் நிற்க வேறு யாரும் வரவில்லை. அங்கே அவனே குனிந்தான். இடது கை வழக்கம்போல வயிற்றுக்குப் போயிற்று. பிறகு அதையும் எடுத்துக் காரில் வைத்தான்.

டிரம்பெட் உச்சத்துக்குப் போனது. கார் எழுந்தது. போபன் மெல்ல நகர்த்தினான். வேகத்தடைக்கு அப்பால் கோல்ஃப் பொத்தென்று இறங்கியது. எல்லாரும் கத்தினார்கள், சம்பந்திகூடக் கை தட்டினார்.

ராதென்கோ நிமிரவில்லை. அப்படியே வேகத்தடைமேல் உட்கார்ந்தான். உள்ளே ஏதோ அறுந்து சூடாகப் பரவியது. மார்பிலிருந்த துண்டை அவிழ்த்து, அடிவயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். முகம் மெழுகாக வெளுத்திருந்தது.

மிலோய்கோ தன் காரை அவன் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். உண்மையிலேயே கவலைப்பட்டார். "ரொம்ப வலிக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போயிடு ராதெ. கல்யாணத்துல தூக்கினேன்னு சொல்லு, என்ன? பட்டறையில தூக்கினேன்னு சொல்லிடாத. நீ விருந்தாளியாத்தானே வந்த."

"திங்கக்கிழமை, முதலாளி?"

"நீதான் ஆறு வாரம் படுக்கப் போறியே, இப்பப் பதிஞ்சு என்ன பண்ண? பதிஞ்ச மறுநாளே படுத்தா ஆபீஸ்காரன் என்னைத்தானே கேப்பான்? நீ நல்லபடியா எழுந்து வா. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

முன்னால் கோல்ஃப் போய்விட்டது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே போனார்.

"ஏறுடா, தூக்கி உக்கார வைக்கிறேன்" என்று ஸ்ரெத்தன் குனிந்தான். ராதென்கோவால் காலை நீட்டவே முடியவில்லை. பின்னால் ஹார்ன் காதைக் கிழித்தது. சம்பந்தி வீட்டார் ஸ்ரெத்தனின் காரை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். "இவங்களுக்கு வழி விட்டுட்டுத் திரும்பி வந்துடறேன்" என்று ஸ்ரெத்தன் சொல்லிவிட்டுப் போனான். போகும்போதுதான் அவனுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். ஜன்னலில் திரும்பிப் பார்த்த முகம் அப்படி இருந்தது. கல்யாண வரிசையில் வந்த கார் எதுவும் திரும்பக் கூடாது.

பெண் வீட்டாரின் கார்கள் ஒவ்வொன்றாக வேகத்தடையில் ஏறி இறங்கின. உயரமான, சாதாரணக் கார்கள். ஒன்றும் இடிக்கவில்லை. நடுத்தெருவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, மத்தியானத்திலேயே போதை ஏற்றிக்கொண்டான் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவனைச் சுற்றிப் போகும்போது ஆளுக்கொரு ஹார்ன் அடித்தார்கள். கடைசிக் காரிலிருந்து ஒரு கை பிளம் சாராயப் பாட்டிலை நீட்டியது. அவன் எட்டி வாங்க முடியாததால், அதைப் பக்கத்தில் ரோட்டில் நிற்கவைத்துவிட்டுப் போனார்கள்.

டிரம்பெட் சத்தம் ஆற்றோரம்வரை கேட்டு நின்றது. ராதென்கோ துண்டின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். இரண்டு சேவல்களில் ஒன்று முடிச்சுக்குள் போய்விட்டது, இன்னொன்று அவன் தொடைமேல் நின்றிருந்தது. ரோட்டில், கோல்ஃப் உட்கார்ந்த இடத்தில், யாரோ தவறவிட்ட சிகரெட் பாக்கெட் ஒன்று டயர் ஏறித் தட்டையாகக் கிடந்தது.