போட்டுக்கொடுக்காத மெஷின்

வாஷிங் மெஷின் வாங்கப் போனது மூன்று பேர். என்ன அவசரம் என்பது அதில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். தெரியாத மூன்றாவது ஆள்தான் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கணவன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிறருடைய தவறுகளுக்குப் பிரேக் போடுகிறவன், வீட்டில் பேச்சுக்கு மட்டும் பிரேக் போட மாட்டான். பின்னிருக்கையில் மாமனார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் முதுகெலும்பு இன்னும் பெறவில்லை. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, இரண்டிலும் கத்தி மாதிரி மடிப்பு. தெருவில் அவருக்கு 'விசில்' என்று பெயர்.

விஷயம் இதுதான். பழைய மெஷின் உயிரை விட்ட பிறகு ஒரு விடியற்காலையில் அவள் குளியலறைப் பக்கம் போனாள். மாமனார் வாளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, நனைந்த படுக்கை விரிப்பைப் பிழிய முடியாமல் பிழிந்துகொண்டிருந்தார்.

"டம்ளர் தண்ணி கவுந்துடுச்சும்மா."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் டம்ளர் கவிழ்ந்தது. அதற்கடுத்த வாரமும் கவிழ்ந்தது. அவள் வேலை பார்ப்பது மருந்துக் கடையில். சில பொருள்களைக் கேட்பதற்கு முன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிற மனிதர்களை அவள் தினமும் பார்க்கிறவள். அதனால் அந்த டம்ளரைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

"மாமா, எங்க கடைக்குப் பக்கத்துல ஒரு நல்ல டாக்டர் இருக்கார். மூட்டுவலின்னு சொல்லிட்டுப் போயிட்டு வந்துடலாம்" என்று மட்டும் சொன்னாள்.

போய்விட்டு வந்தார்கள். வயதானால் வருகிறதுதான், மருந்துக்குக் கேட்கும், ஆனால் மெதுவாகத்தான் கேட்கும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது மாமனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவனுக்குத் தெரிய வேணாம்மா."

"என் வாயிலேர்ந்து வராது மாமா."

மகன் கெட்டவனா என்றால், தங்கமானவன். ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது. அப்பாவுக்குப் பல்வலி வந்தபோது பயிற்சிப் பள்ளியில் கிளட்ச் மிதிக்கத் தெரியாதவர்கள்கூடக் கைவைத்தியம் சொல்லி அனுப்பினார்கள்.

விரிப்பைத் தானே துவைத்துத் தருவதாகவும் அவள் சொல்லிப் பார்த்தாள். "அது மட்டும் வேணாம்மா" என்றார். அந்தக் குரலுக்கு மேல் பேச முடியாது. ஆகவே அவளுக்கு வேண்டியது, மாமனார் குனியாமல், மூக்குக் கண்ணாடியைத் தேடாமல், யாரையும் கேட்காமல், வீடு எழுந்திருப்பதற்குள் தானே துவைத்து முடித்துவிடக்கூடிய மெஷின். அதை வாயால் சொல்லாமல் வாங்க வேண்டும்.

கடைக்குள் நுழையும்போதே கணவன் முடிவோடுதான் நுழைந்தான். முன்பக்கம் வட்டக் கதவு, கறுப்புக் கண்ணாடி, தொட்டால் ஒளிரும் எழுத்து. விற்பனையாளர் கணவனின் கைபேசியை அதோடு இணைத்துவிட்டுத் தட்டியதும் கைபேசி கிணுகிணுத்தது.

"பாத்தியா? துவைக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு எனக்குச் சேதி வருது! யாரு, எப்போ, எவ்வளவு நேரம் துவைச்சாலும் எனக்கு வந்துடும். நான் வண்டியில இருந்தாக்கூட!"

தெருவுக்கே கேட்கிற சந்தோஷம். அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகு வளைந்து அவள் பார்த்ததில்லை. இப்போது கொஞ்சம் வளைந்திருந்தது.

"அது என்னங்க, மூலையில?" என்று விற்பனையாளரிடம் கேட்டாள்.

"அதுவா மேடம்? லாண்டரிக் கடைகளுக்கு மெஷின் பண்றவங்க வீட்டுக்குன்னு பண்றது. அதே மாதிரி மோட்டார், அதே மாதிரி எவர்சில்வர் தொட்டி. மேலேர்ந்து துணி போடணும். மூணு திருகுக் குமிழ், அவ்வளவுதான். அரை மணியில வேலை முடிஞ்சுடும், வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா சத்தம் போடும், தண்ணி தாராளமா குடிக்கும், விலையும் கூட."

"போனுக்குச் சேதி அனுப்புமா?"

"இது எங்க மேடம்? முடிஞ்சா நிக்கும். நாமதான் போய்ப் பாக்கணும்."

அவள் திருகுகளைத் திருகிப் பார்த்தாள். கடக், கடக் என்று இருட்டிலும் கைக்குத் தெரிகிற மாதிரி நின்றன. மூடி இடுப்பு உயரத்தில் இருந்தது. "இதையே எடுத்துக்கலாம்" என்றாள்.

கணவன் சிரித்தான். "வீட்டுக்குள்ள டிராக்டர் ஓட்டப் போறியா?"

"எனக்கு நின்னுக்கிட்டே துணி போடணும்."

"அந்தக் கதவுக்குக் கீழ பலகை போட்டு உசத்திடலாம்."

"தண்ணி நெறைய இருந்தாத்தான் அழுக்குப் போகும்."

"போன மாசம் குழாயை மூடுன்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு?"

"என் போன்ல இடமே இல்ல."

"அதான் என் போன்ல வருதே!"

அவள் அடுத்த காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மாமனார் குறுக்கே வந்தார். "அவன் சொல்றது சரிம்மா. போன்ல வர்றதையே வாங்கிடுங்க. யார் துவைச்சா என்ன?"

தனக்காக ஒரு சண்டை வேண்டாம் என்று தன் கழுத்தைத் தானே நீட்டுகிறார். அவளுக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. மெஷின்னா துவைக்கணும். வேவு பாக்கக் கூடாது."

"வேவா?" கணவனுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. "வேவு பாக்கற அளவுக்கு அப்படி என்னத்தை ரகசியமா துவைக்கிறே?"

மாமனார் சட்டென்று நகர்ந்து, பக்கத்திலிருந்த குளிர்பதனப் பெட்டியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார். காலிப் பெட்டி.

அவள் குரலைத் தாழ்த்தினாள். மருந்துக் கடையில் மற்றவர்கள் அவளிடம் தாழ்த்துகிற அதே அளவுக்கு.

"ஆமாங்க, ரகசியம்தான். பொம்பளைக்கு உடம்புல ஆயிரம் இருக்கும். நேரங்கெட்ட நேரத்துல எந்திரிச்சுத் துவைக்க வேண்டியிருக்கும். அதையெல்லாம் கடையில நின்னு சொல்லணுமா?"

கணவனின் முகம் சிவந்தது. விற்பனையாளர் பில் புத்தகத்தைத் தேடிக்கொண்டு ஓடினார். குளிர்பதனப் பெட்டியின் கதவு மட்டும் வெகுநேரம் மூடப்படவில்லை.

மெஷினை இரண்டு பேர் தூக்கி வந்து, மூன்று முறை இறக்கி வைத்து, நான்கு முறை திட்டிவிட்டு, குளியலறைக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போனார்கள். அன்று மத்தியானமே மாமனார் திருகுகளைப் பழகிக்கொண்டார்.

ஆனால் கணவன் மாறிப்போனான். அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கித் தான் சுமந்தான். வேகத்தடை வந்தால் முட்டைக் கூடை ஏற்றியவன் மாதிரி வண்டியை ஏற்றி இறக்கினான். பழமாக வாங்கி வந்து குவித்தான். ஒருநாள் சாப்பிடும்போது, "பெரிய டாக்டரா பாத்துடலாமா?" என்று கேட்டான். அவள் பேச்சை மாற்றினாள். எதிரே மாமனாருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் பாதியில் எழுந்து கை கழுவப் போனதை அவள் கவனித்தாள்.

மறுநாள் விடியற்காலை வீடே குலுங்கியது. சத்தம் போடும் என்று விற்பனையாளர் சொன்னது பொய்யில்லை. அவள் போர்வையை உதறிக்கொண்டு எழுவதற்குள் கணவன் முந்திக்கொண்டு ஓடினான். "நீ ஏன் எந்திரிச்சே? எதுவா இருந்தாலும் நான் போடறேன்ல!" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனவன், மெஷின் முன்னால் நின்ற ஆளைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நான்தாங்க போடச் சொன்னேன்" என்று ஆரம்பித்தாள்.

"அவளை விடுடா" என்றார் மாமனார். மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, மைதானத்துக் குரலில். "படுக்கை நனைஞ்சுபோச்சு. என் படுக்கை. கொஞ்ச காலமா இப்படித்தான். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. எனக்காகத்தான் கடையில அப்படிச் சொன்னா. நீ அவளுக்குப் பழம் வாங்கிக் கொட்டறதைப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு எறங்கலடா."

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"நெஜமாவே?"

"கல்லு மாதிரி இருக்கேன்."

அவன் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டான். "பாவிங்களா. ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொன்னுட்டீங்க." பிறகு அப்பாவிடம் திரும்பி, "டாக்டர்கிட்ட போனீங்களா?" என்றான்.

"இவதான் கூட்டிட்டுப் போனா. மருந்து சாப்பிடறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா ஊருக்கே தெரியும்."

அவன் காதைச் சொறிந்தான். மெஷின் தண்ணீரை இப்படியும் அப்படியும் அறைந்துகொண்டிருந்தது. அவனைப் பேச விடக் கூடாது, பேசினால் எதையாவது சொதப்புவான் என்று அவள் பயந்தாள். அவன் சுவரைவிட்டு நிமிர்ந்து மெஷின் பக்கமாகப் போனான்.

"இதுல நடுவுல துணி போட முடியுமாப்பா?"

"அந்தத் திருகை நிறுத்திட்டுத் தெறக்கணும்" என்றார். முதுகு மறுபடியும் நேராகியிருந்தது. "எதுக்கு?"

"தனியா ஒரு விரிப்புக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி? என் நீலச் சட்டையும் கெடக்கு."

"கலர் துணி கூடாது. வெள்ளை மட்டும்தான்."

"வெள்ளைக்கு இப்ப நான் எங்க போறது?" என்றவன், குனிந்து பார்த்து, போட்டிருந்த பனியனைத் தலை வழியாக உருவத் தொடங்கினான்.