குழுப்படத்தில் இல்லாத அக்கா

"அக்கா போட்டோதானே, எங்கயாவது இருக்கும், தேடித் தர்றேன்" என்று ஆய்வகத் தலைமை டாக்டர் வாய் கூசாமல் சொல்லிவிட்டார். மருத்துவமனை நடைச் சுவரில் பெண் ஆய்வாளர்களின் படங்களை மாட்டப்போகிறார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றிருந்த இளம் பெண் டாக்டர் முதல் சட்டத்தையே, எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் ஆய்வக டெக்னீஷியனுக்கு ஒதுக்கிவிட்டார். சும்மாவா? சாதாரணக் காய்ச்சல் என்று எல்லாரும் கைகழுவிய குழந்தைகளின் ரத்தத்தில் வேறொரு கிருமி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது அக்காதான்.

தலைமை டாக்டர் ஆய்வகத்தின் நான்கு ஆல்பங்களையும் புரட்டினார். இருபத்திரண்டு வருடக் குழுப்படங்கள். எல்லாவற்றிலும் நடுநாயகமாக இவரே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஒன்றில்கூட இல்லை. எப்படி இருப்பார்? அத்தனையையும் எடுத்தவரே அவர்தானே.

"அக்காவுக்குத்தான் கை நடுங்காது" என்று ஒவ்வொரு முறையும் கேமராவை நீட்டியது இவர்தான். நாளடைவில் அதுவே ஆய்வகத்தின் வழக்கமாகிவிட்டது. ஆனால் முதல் முறை நடந்தது வழக்கத்தால் அல்ல. அந்தக் கிருமியைப் பற்றி எழுதப் பத்திரிகை நிருபர் வந்த நாள் அது. படம் மட்டும் நீங்களே எடுத்துக் கொடுங்கள் என்றார் அவர். அக்கா தலைவாரிக்கொண்டு வந்து நுண்ணோக்கியின் பக்கத்தில் நின்றார். இவர் சிரித்துக்கொண்டே கேமராவை அவர் கையில் திணித்துவிட்டு அந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். தெரிந்தேதான் செய்தார். அக்கா ஒரு நொடி இவரைப் பார்த்துவிட்டுப் படமெடுத்தார்.

ஆல்பங்களை மூடிவிட்டு இளம் டாக்டரிடம் போனார்.

"போட்டோ இல்லம்மா. நான்தான் இருக்க விடல."

அந்தப் பெண் மேசையிலிருந்த கேமராவை எடுத்துக்கொண்டு எழுந்தார். இவர் வெட்கத்தில் குன்றிப்போனார்.

இருவரும் கேமராவோடு ஆய்வகத்துக்குப் போனார்கள். ஓய்வு பெற ஒரு மாதமே இருந்த அக்கா, வழக்கம்போல நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருந்தார். கேமராவைக் கண்டதும் எழுந்து கையை நீட்டினார்.

"குடுங்க டாக்டர். ரெண்டு பேரும் ஜன்னல் பக்கமா நில்லுங்க, அங்கதான் வெளிச்சம்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த மன்னிப்பை விட்டுவிட்டு, இவர் கேமராவைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"இல்லக்கா. இன்னைக்கு நீங்க நில்லுங்க."

அக்காவின் கை மெல்ல இறங்கியது. நரைத்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா தலைவாரிட்டு வந்திருப்பேனே டாக்டர்" என்றார். "அன்னைக்கு வாரிட்டுத்தான் வந்தேன்."

இவர் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார். கை நடுங்கியது.