குவி ஆடிக்குள் ஒரு கடை

வாருங்கள், இந்தத் துணிக்கடைக்குள் நுழைந்து கண்ணாரப் பாருங்கள். வாடிக்கையாளருக்கு மெத்தை நாற்காலி உண்டு. கல்லாவில் முதலாளிக்குச் சுழல் நாற்காலி உண்டு. காலை முதல் கடை சாத்தும்வரை துணியை விரித்து மடிக்கும் பெண்களுக்குத் தரை உண்டு, அதுவும் நிற்பதற்கு மட்டும். கூரை மூலையில் ஒரு குவி ஆடி புடைத்து நிற்கிறது. முழுக் கடையையும் அது விழுங்கும்; விழுங்கியவரையெல்லாம் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கும். அதைப் பார்த்தே ஆட்களை மேய்த்துப் பழகிய முதலாளிக்கு அவர்களின் அலுப்பும் அந்த அளவில்தான் தெரிந்தது.

அன்று பிற்பகல், ஆறு மாதக் கர்ப்பிணியான விற்பனைப் பெண் ஓர் அட்டைப்பெட்டியின்மீது உட்கார்ந்துவிட்டாள். ஆடி காட்டிக்கொடுத்தது.

"மகாராணிக்கு அசதியோ? உட்காரணும்னா வீட்டுலயே உட்காரு. நாளைலேருந்து வர வேண்டாம்."

"கால் வீங்கியிருக்கு முதலாளி."

"இங்கேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியலையே."

அழகுப்பொருள் பிரிவில் நிற்பவளைக் கடையில் பவுடர் அக்கா என்பார்கள். வாடிக்கையாளர் புருவம் திருத்திப் பார்க்க அவளிடம் ஒரு குழி ஆடி இருந்தது. முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வட்டக் கண்ணாடி. அதை எடுத்துக்கொண்டு வந்தாள். நின்றபடியே கர்ப்பிணியின் பாதத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்த முதலாளி சிரித்துவிட்டார்.

"கால் தலைகீழாத் தொங்குதேம்மா. சர்க்கஸா காட்டுற?"

"கண்ணாடி மேல தப்பில்ல. எட்டத்துல பிடிச்சது என் தப்பு. பக்கத்துல கொண்டுபோனாத்தான் இது நிமிர்த்திப் பெருசாக் காட்டும். நீங்களும் எழுந்து வரணும் முதலாளி. கொஞ்சம் குனியணும்."

அக்குரலில் கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. மேடையின்றிப் பேசப்பட்ட அந்தச் சொற்களுக்கு இணையாக எந்த மாநாட்டிலும் நான் கேட்டதில்லை.

"நகராதே தங்கச்சி," என்று அவள் மண்டியிட்டாள். பாதத்துக்கு ஒரு சாண் தொலைவில் கண்ணாடியை வைத்தாள். வட்டம் நிறையக் கால் எழுந்தது: கயிறு கயிறாக நரம்புகள், செருப்புவார் அழுத்திய இடத்தில் வாய்க்காலாய் ஒரு பள்ளம், அதன் இரு கரையிலும் பளபளக்கும் வீக்கம். விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அத்தனை கண்களும் தம்மேல் திரும்பியதும் முதலாளி எழுந்து வந்தார். குனிந்தார். சட்டென்று நிமிர அவரால் முடியவில்லை.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"மேல இருக்கிற கண்ணாடியில தெரிஞ்சிருக்குமே முதலாளி," என்றாள் கர்ப்பிணி.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். குவி ஆடிக்குள் ஒரு சுண்டுவிரல் மனிதர் ஒரு சுண்டுவிரல் பெண்ணின் காலடியில் குனிந்திருந்தார். அவருக்குப் பின்னால், ஆளில்லாத நாற்காலி இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

அந்தக் கடையின் முடிவு அவர் கையில். மற்றக் கடைகளின் முடிவு உங்கள் வாயில். நாளை நீங்கள் நுழையும் கடையில், "இவங்க உட்கார இடம் எங்கே?" என்று கல்லாவின் முன் நின்று கேளுங்கள். பதில் வரும்வரை, உங்களுக்காக இழுத்துப் போடப்படும் நாற்காலியில் அமராதீர்கள்.