மூன்றாம் பிரிவு

1
இந்தக் கதை எனக்கு ஒரு கல்லூரி விழாவில் கிடைத்தது. திருச்சியில் எந்தக் கல்லூரி என்று தேடாதீர்கள், நானே கட்டியது. "நம்ம பசங்கள்ல குடிக்கிறவங்க ஒருத்தர்கூட இல்லைன்னு சர்வே சொல்லுது" என்றார் முதல்வர். கூரை அதிரக் கைதட்டினார்கள். சர்வே எடுத்த உளவியல் ஆசிரியை பெலிண்டா மட்டும் தலைகுனிந்துகொண்டாள்.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: மாணவன் ரஞ்சித் காவிரிப் பாலத்தில் நின்று ஸ்ரீரங்கம் கோபுரத்தைப்

(அடித்துவிட்டேன். பாலமும் ஆறும் வந்தால் நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள். அவ்வளவு சுலபமாக விடமாட்டேன்.)

3
போன வருடமும் பெலிண்டா சர்வே எடுத்தாள். குடிக்கிற மாணவர்களை மூன்றாகப் பிரித்தாள். கல்யாணம், திருவிழா என்று எப்போதாவது குடிப்பவர்கள். ஹாஸ்டல் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளக் குடிப்பவர்கள். தனியாக, காலையிலேயே குடிப்பவர்கள். மூன்றாம் பிரிவுக்கு உடனே வைத்தியம் வேண்டும். பெயர் வெளியே போகாது என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

"அந்த மூணாவது குரூப் யாரும்மா? டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றார் முதல்வர். நம்பிச் சொல்லிவிட்டாள்.*

* படித்தவள் இப்படி ஏமாறுவாளா என்று எனக்கே சந்தேகம். மேலதிகாரி 'அம்மா' போட்டுப் பேசினால் நம் ஊரில் யாரும் ஏமாறுவார்கள்.

4
டாக்டர் வரவில்லை. மூன்றாம் பிரிவில் இருந்த ரஞ்சித்தின் அப்பாவுக்குப் போன் போனது. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையிலிருந்து தவிடு படிந்த சட்டையோடு ஓடிவந்தார்.

"டிசி வாங்கிட்டுக் கூட்டிட்டுப் போயிடுங்க. காலேஜ் பேரு கெட்டுடும்" என்றார் முதல்வர்.

"வைத்தியம் பார்க்கத்தான் கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

ரஞ்சித் பெலிண்டாவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சர்வே தாள்களை அடுக்கத் தொடங்கினாள். இங்கே அவளைச் சண்டைபோட வைத்து ஒரு பக்கம் எழுதிப்பார்த்தேன். அத்தனையும் பொய். ஆத்திரத்தில் கிழித்துப்போட்டேன்.

இந்த வருடம் எல்லோரும் 'குடிப்பதில்லை' என்று எழுதிவிட்டார்கள்.

5
முடிவு ஒன்று: பெலிண்டா வேலையை விடுகிறாள். (விடமாட்டாள்.)

முடிவு இரண்டு: ரஞ்சித் திருந்தி, அதே மேடையில் (சீ!)

விழா முடிந்ததும் இரண்டாமாண்டு மாணவி லிசி பெலிண்டாவின் அறைக்கு வந்தாள். "மேம், நானும் இல்லைன்னுதான் எழுதினேன். காலையில குடிக்கலைன்னா கை நடுங்குது. யாரைப் பார்க்கணும்னு தெரியல. ரஞ்சித்துக்கு நடந்தது எனக்கும் நடக்குமா மேம்?"

நடக்காது என்று சொல்ல பெலிண்டாவுக்குத் தைரியமில்லை. நடக்கும் என்று சொன்னால் இந்தப் பெண் போய்விடுவாள், இனி யாரிடமும் கேட்கமாட்டாள்.

அவள் பதிலை நான் எழுதமாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், லிசி வாசலைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.