பாலத்துக்கடைக் கெண்டை மீன்

எங்க மருமக சென்கா புள்ளிவிவரம் படிச்சவ. எந்தக் கடைக்கு எவ்வளவு சரக்கு அனுப்பணும்னு கணக்குப் போடுறதுதான் அவ ஆராய்ச்சி. நம்ம ஸ்ரெஞானின் ஊரு மீன் பண்ணைல ஒரு தடவை அதை நடத்திக் காட்டினாத்தான் டாக்டர் பட்டம். பண்ணை மேனேஜர் ராதிவோய் லேசுல விடுற ஆளா?

புனித நிக்கோலா நாள் நெருங்குச்சு. பாதி ஊருக்குக் குலசாமி அவர்தானே. விரத நாளு, கறி ஆகாது, வீட்டுக்கு வீடு கெண்டை மீன்தான். அன்னிக்கு யாரையும் அழைக்கிறதும் இல்ல, வர்றவங்க வருவாங்க. அதனால எல்லாரும் கூடத்தான் வாங்குவோம்.

பண்ணைக்கு ஊருக்குள்ள பல கடை இருக்கு. அதுல பாலத்துக்கடைல வருஷா வருஷம் ஒரே அளவுதான் விக்குது, அதே போதும்னாரு ராதிவோய். இவ சந்தைக்கடைல குறைச்சு இங்க ரெண்டு மடங்கு அனுப்பச் சொன்னா. "மிஞ்சினா யாரும்மா திங்கிறது, உன் மாமியாரா?"ன்னு என்னைய வேற இழுத்தாரு. நான் நல்லாத்தான் திங்கிறேன், அது வேற விஷயம்.

சென்கா அசரல. "அண்ணே, அங்க ஒரே அளவு விக்கல, ஒரே அளவுல தீந்துபோகுது. காலைலயே தொட்டி காலி. வெறுங்கையோட திரும்பினவங்களுக்கு யாரு பில் போட்டா?"

மீன் தீராத கடைகள்ல சாயங்காலம் எவ்வளவு போகுதுன்னு பாத்து, இங்கயும் இருந்திருந்தா எவ்வளவு போயிருக்கும்னு கணக்குப் போட்டிருக்கா. சரி, ஆனா மிஞ்சினா ஆராய்ச்சிய மூட்டை கட்டிடணும்னுட்டாரு அவரு.

திருநாளுக்கு முந்தின நாள் நானும் கடைக்குப் போய் நின்னேன். மத்தியானம் தொட்டில பாதி மீன் அப்படியே நீந்துது. கடைல ஈ காக்கா இல்ல. ராதிவோய் வந்து எட்டிப் பாத்து, மீசைக்குள்ள சிரிச்சாரு. சென்கா முகத்துல ரத்தமே இல்ல.

ஷிப்ட் முடிஞ்சு வந்த ஒருத்தன் சும்மா உள்ள பாத்தான். மீனைக் கண்டதும் பொண்டாட்டிக்குப் போன் போட்டான், இந்த வருஷம் இந்த நேரத்துலயும் இருக்குடின்னு. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல வரிசை பாலம் வரைக்கும் போயிருச்சு. வரிசைல நின்னவங்ககிட்டெல்லாம் கணக்குப் போட்டது என் மருமகதான்னு நான் சொல்லிக்கிட்டே போனேன். ஒருத்தரையும் விடல.

கடை சாத்துறப்ப தொட்டில ரெண்டே மீன்.

"ரெண்டு மிஞ்சிருச்சேம்மா"ன்னாரு ராதிவோய்.

"மிஞ்சணும்ணே. சுத்தமா தீந்துட்டா, எத்தனை பேரு திரும்பிப் போனாங்கன்னு மறுபடி நமக்குத் தெரியாது."

மனுஷன் ரெண்டையும் தனக்கே நிறுக்கச் சொல்லிட்டு, அடுத்த வருஷம் எல்லாக் கடைக்கும் நீயே கணக்குப் போடுன்னாரு.